கடைசி வீட்டுக்கும் நல்ல தண்ணீர்

நமது சங்கங்களின் படிப்பு வட்டங்களுக்கு இம்மாதப் பாடமாகக் குடிநீரை எடுத்துக் கொண்டுள்ளோம். நூல் விலை, உரம், கடன், வட்டி ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசுவானேன் என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். குழித்தறியில் அமரும் நெசவாளர் வயிற்றுக் கடுப்பால் நான்கு நாள் படுத்துவிட்டால், பாவு தறியிலேயே நிற்கிறது, கூலியும் நிற்கிறது. நடவுப் பருவத்தில் விவசாயியின் குழந்தை வயிற்றுப்போக்கால் வாடினால், தாயும் தந்தையும் வயலை விட்டு மருத்துவமனை வாசலில் காத்திருக்கின்றனர். சங்கத்தில் வாங்கிய கடனின் தவணை அந்த மாதமே தவறுகிறது. ஆகவே ஊரின் தண்ணீர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்திலும் மறைமுகமாக எழுதப்படுகிறது என்று கொள்வதில் தவறில்லை.

தண்ணீர் தருவது நம் நாட்டில் தொன்றுதொட்டுப் பேரறமாக எண்ணப்பட்டு வருகிறது. கிணறு வெட்டுவோரும், குளம் தொடுவோரும், தண்ணீர்ப் பந்தல் வைப்போரும் எக்காலத்தும் இருந்து வந்துள்ளனர். ஆயினும் நற்குணம் படைத்தவர் பணம் கொடுத்து அமைத்த அடிபம்பு, இரண்டு கோடைக்குள் தோல் வளையம் தேய்ந்து, கைப்பிடி கழன்று, ஊர் முனையில் துருவேறி நிற்பதையும் நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். கொடுத்தவர் போய்விட்டார், பெற்றவர்க்கோ அது தம்முடையது என்ற எண்ணமே எழவில்லை. தரும காரியம் நிலைத்து நிற்பதற்கு ஊரார் செய்ய வேண்டியது யாது என்பதே இப்பாடத்தின் கேள்வி. அதற்கு விடை தேட ஒடிசா மாநிலத்தின் கஞ்சம் மாவட்டத்துக்குச் செல்வோம்.

சென்னையிலிருந்து சென்ற மாணவர்கள்

கஞ்சம் மாவட்டம் 1936ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு ஒரிசா தனி மாகாணமானபோது அதனோடு சேர்ந்தது. கடலோரச் சமவெளியும், அதனை அடுத்துக் காடடர்ந்த குன்றுகளும் உள்ள பகுதி அது. குன்றுகளில் ஆதிவாசி மக்கள் சிற்றூர்களில் வாழ்கின்றனர்.

1971ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஒரிசாக் கடற்கரையைக் கடும் புயல் தாக்கிற்று. அப்போது சென்னைப் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் தலைமை வகித்த ஜோ மடியத் என்பவரும், அவரோடு சேர்ந்த இளைஞர் சிலரும் நிவாரணப் பணிக்காக அங்கே சென்றனர். பணி முடிந்ததும் பலர் திரும்பினர், சிலர் திரும்பவில்லை. 1976ஆம் ஆண்டில், பால் உற்பத்திக் கூட்டுறவு ஏற்பாட்டிற்கு உதவுமாறு கஞ்சம் மாவட்ட நிர்வாகம் அழைக்கவே, அவர்கள் பெர்ஹாம்பூருக்கு அருகிலுள்ள மொஹுதாவில் தங்கினர். கூட்டுறவுப் பணிக்காகவே அவர்கள் அம்மாவட்டத்துக்கு வந்தனர் என்பது நம் வாசகர்கள் நினைவில் வைக்கத்தக்கது. 1979ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் ‘கிராம விகாஸ்’ என்னும் தொண்டு ஸ்தாபனத்தை அவர்கள் பதிவு செய்தனர்.

அடுத்த பத்தாண்டுகளில் சாண எரிவாயுக் கலன் அமைக்கும் பணியில் இந்த ஸ்தாபனம் ஒரிசா முழுவதும் பெயர் பெற்றது. 50,000க்கு மேற்பட்ட கலன்கள் அதன் முயற்சியால் கட்டப்பட்டன. கிராமத்து இளைஞர் பலர் கொத்து வேலை பழகினர். ஆனால் ஊர் ஊராகச் சென்று வந்த ஊழியர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். வருவாய் பெருக வழி செய்தாலும், பெருகியதில் பெரும்பகுதியை நோய் கொண்டு போயிற்று. அந்நோய்களிலும் மிகுதியானவை அசுத்த நீரால் வருவனவாகவே இருந்தன. ஆகவே 1992ஆம் ஆண்டில் 5 கிராமங்களில், ஏறத்தாழ 340 குடும்பங்களுக்காக, குடிநீர்–சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினர். பின்னர் அது 1,000க்கு மேற்பட்ட கிராமங்களுக்குப் பரவிற்று.

தண்ணீர் வருமுன் ஊரார் செய்ய வேண்டியவை

இத்திட்டத்தின் சிறப்பு குழாயிலோ தொட்டியிலோ இல்லை. குழாய் போடுமுன் ஊராரிடம் கேட்கப்பட்ட நிபந்தனைகளில்தான் இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, ஊரிலுள்ள அத்தனை குடும்பங்களும் சேர வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு போதாது. ஒரு குடும்பம் விலகி நின்றாலும் வேலை தொடங்காது.

இரண்டாவது, ஒவ்வொரு குடும்பமும் பொது நிதிக்குச் சராசரி 1,000 ரூபாய் செலுத்த வேண்டும். வசதியுள்ளவர் கூடுதலாகவும், வறியவர் குறைவாகவும் கொடுக்கலாம். ஒன்றும் கொடாமல் இருத்தல் கூடாது. இத்தொகை குழாய் வாங்கச் செலவிடப்படுவதன்று. வைப்பு நிதியாகப் போட்டு, அதன் வட்டியை மட்டும் எடுத்து, பிற்காலத்தில் ஊரில் புதிதாகத் தோன்றும் குடும்பங்களுக்கு இதே வசதிகளைச் செய்துதர உதவ வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு வீடும் ஒரு கழிப்பிடமும் ஒரு குளியலறையும் கட்டிக்கொள்ள வேண்டும். செங்கல், மணல், கல் ஆகியவற்றையும் உடலுழைப்பையும் குடும்பத்தார் தருவர். வெளியிலிருந்து வாங்க வேண்டிய சிமெண்டு, கழிப்பிடக் கோப்பை முதலியவற்றுக்கு ஸ்தாபனம் துணை செய்யும். ஊரிலுள்ள கடைசிக் குடும்பமும் இவ்விரண்டையும் கட்டி முடித்த பின்னரே குழாயில் தண்ணீர் திறந்துவிடப்படும். அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று குழாய்கள் கிடைக்கும்: சமையலுக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கழிப்பிடத்துக்கு ஒன்று.

நான்காவது, நிர்வாகம் ஊராருடையதாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் பேரவையில் அங்கம் பெறுவர். நிர்வாகக் குழுவில் ஆண்களும் பெண்களும் சம எண்ணிக்கையில் இருப்பர். குழுவைச் சட்டப்படி பதிவு செய்து, கணக்கு எழுதி, பேரவை முன் வைக்க வேண்டும்.

இவற்றைப் படிக்கும் கூட்டுறவாளர்க்கு இவை புதியனவாகத் தோன்றமாட்டா. பங்குத்தொகை, சேமநிதி, பேரவை, நிர்வாகக் குழு ஆகிய நான்கையும் நாம் நன்கறிவோம். நமக்குப் புதியது ஒன்றே: சங்கத்தில் சேர விரும்புவோர் சேரலாம், விரும்பாதோர் விலகி நிற்கலாம் என்பது நமது வழக்கம். இங்கோ ஒருவரும் விலகி நிற்றல் ஆகாது. இவ்வளவு கண்டிப்பு ஏன்?

ஒருவர் விலகினாலும் நீர் கெடும்

காலரா, டைபாய்டு, சீதபேதி, மஞ்சட் காமாலையின் சில வகைகள் ஆகியவை நீரால் பரவும் நோய்கள். இவற்றின் கிருமிகள் நோயாளியின் மலத்தோடு வெளிப்பட்டு, மண்ணிலும் நீரிலும் கலந்து, மற்றொருவர் வாயை அடைகின்றன. மழை பெய்தால் வயற்காட்டு அசுத்தம் குளத்துக்கு வருகிறது. ஈக்கள் அதனை அடுக்களைக்குக் கொண்டு வருகின்றன. குழந்தையின் கையும், மாட்டின் குளம்பும், நம் காலும் அதே வேலையைச் செய்கின்றன.

ஓர் ஊரில் 80 குடும்பங்கள் உள்ளன என்று கொள்வோம். 60 குடும்பங்கள் கழிப்பிடம் கட்டிக்கொண்டு, 20 குடும்பங்கள் ஏரிக்கரைக்கே சென்று வந்தால், அந்த 60 குடும்பங்களும் செலவு செய்தும் நோயிலிருந்து முழுமையாகத் தப்ப இயலாது. பாவில் நாலைந்து இழைகள் அறுந்திருந்தால் துணி முழுவதும் கழிவாகத் தள்ளப்படுவதை நெசவாளர் அறிவர். கடைமடை அடைந்து நின்றால் மேல்மடையிலும் நீர் கரையை உடைக்கும் என்பதை விவசாயி அறிவார். தண்ணீரின் தூய்மையும் அத்தகையதே.

இதற்கு ஒடிசாவிலேயே சான்றுண்டு. பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களைத் தேர்ந்து, அவற்றுள் 50இல் கழிப்பிடம் கட்டும் அரசுத் திட்டத்தை நிறைவேற்றி, எஞ்சிய 50 கிராமங்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பிடமுள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. எனினும் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக் குறையவில்லை. நூற்றுக்கு 37 வீடுகள் விடுபட்டதும், கட்டியவர்களுள்ளும் பலர் பயன்படுத்தாததும், கழிப்பிடத்துக்குள் தண்ணீர் வசதி இல்லாததும் சேர்ந்து செலவின் பயனைக் கரைத்துவிட்டன என்று கருத இடமுண்டு. தண்ணீர் எடுக்கவே ஒரு கல் தொலைவு நடக்கும் பெண், கழிப்பிடத்தில் ஊற்றவும் குடம் சுமப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. கழிப்பிடமும் தண்ணீரும் ஒருசேர வர வேண்டும் என்று கிராம விகாஸ் வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

சாதியும் தண்ணீரும்

எல்லாரும் சேர வேண்டும் என்று சொல்வது எளிது, சேர்ப்பது எளிதன்று. நம் நாட்டு ஊர்களில் நெடுங்காலமாகக் கிணறுகள் சாதிக்கொன்றாகப் பிரிந்திருந்தன. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் சட்டம் ஒழித்ததைப் பழக்கம் உடனே விட்டுவிடவில்லை.

ஒரே தொட்டியிலிருந்து ஒரே குழாய் வழியே ஊர்த் தெருவுக்கும் பட்டியல் சாதியினர் தெருவுக்கும் தண்ணீர் செல்லும் என்று கேட்டதும் எழுந்துபோன கூட்டங்கள் உண்டு. பணமுள்ளோர் தங்களுக்கு மட்டும் முதலில் குழாய் கேட்டதும் உண்டு. வறியோரும் தயங்கினர், இதற்குமுன் பல வாக்குறுதிகளைக் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள். இத்தடைகளைக் கடந்து கடைசிக் குடும்பம் சம்மதிப்பதற்குச் சில ஊர்களில் மாதங்களும், சில ஊர்களில் ஆண்டுகளும் ஆயின. அதுவரை ஸ்தாபனம் குழாயைக் கொண்டு வரவில்லை.

இங்கே படிப்பு வட்டத்தார் நிதானித்துச் சிந்திக்க வேண்டிய ஒரு கேள்வி எழுகிறது. ஒரு குடும்பத்தின் பிடிவாதத்துக்காக எஞ்சிய 79 குடும்பங்களின் குழந்தைகள் அசுத்த நீரைக் குடிக்க வேண்டுமா? இது கொடுமையன்றோ என்று தோன்றுவது இயல்பு. இதற்கு மறுமொழியாகச் சொல்லத்தக்கவை இரண்டு. விடுபடும் குடும்பம் பெரும்பாலும் பிடிவாதத்தால் விடுபடுவதன்று. வறுமையாலும் சாதியாலும் மற்றவர்களால் விடப்படுவது. நிபந்தனை இல்லையேல் அக்குடும்பத்தை நினைக்க எவருக்கும் அவசியம் இராது. நிபந்தனை இருந்தமையால்தான், வேலையாள் இல்லாத விதவையின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் செங்கல் சுமக்க வேண்டிய கடமை உண்டாயிற்று. எனினும் காத்திருந்த காலத்தில் நோயுற்றவர்களின் துன்பமும் மெய்யே. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

தண்ணீர் வரும் வழி

மலையூர்களில் வேலை ஒருவகையில் எளிது. ஊருக்கு மேலே வற்றாத சுனை ஒன்று இருக்குமாயின், அதனைச் சுற்றிச் சிறு தொட்டி கட்டி, மேலே மூடி, இலையும் விலங்கும் சேராதபடி காத்து, குழாய் வழியே கீழே இறக்கலாம். நீர் தன் எடையாலேயே ஓடி வரும். மின்சாரமும் எண்ணெயும் வேண்டா. 10 மீட்டர் உயர வேறுபாடு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தைத் தரும். ஆதிவாசி ஊர்கள் பலவற்றில் இவ்வாறே தண்ணீர் வந்தது. குழாய் புதைக்கும் பள்ளத்தை ஊராரே பல கிலோமீட்டர் வெட்டினர்.

சமவெளியில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ அமைத்து, மோட்டாரால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து வீடுகளுக்கு விட வேண்டும். இதற்கு மின் கட்டணம் உண்டு. அதனை மாதக் கட்டணமாகவும், பொதுக் குளத்து மீன் குத்தகை, பொதுத் தோப்பு, அறுவடையில் ஒரு பங்கு ஆகியவற்றாலும் ஊர்கள் ஈடு செய்தன.

குழாயில் நீர் இருபத்துநான்கு மணி நேரமும் நிற்க வேண்டும் என்பது மற்றொரு விதி. இதனை ஆடம்பரம் என்று எண்ணற்க. நாளுக்கு அரைமணி மட்டும் விடும் குழாயில், நீர் நின்றதும் அழுத்தம் இறங்கிவிடுகிறது. அப்போது மூட்டுகளிலுள்ள சிறு வெடிப்புகளின் வழியே வெளிச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மறுநாள் முதலில் வருவது அதுவே. மேலும், குறைந்த நேரம் விட்டால் வீட்டில் குடங்களில் பிடித்து வைக்க நேரிடுகிறது. திறந்த குடத்தில் கை பட்டு நீர் மீண்டும் கெடுகிறது.

கழிப்பிடத்துக்கு இரண்டு உறை குழிகள் அமைப்பர். ஒன்று நிரம்பியதும் மற்றதற்குத் திருப்பிவிடுவர். நிரம்பியதை இரண்டாண்டு மூடி வைத்தால் உள்ளிருப்பது மட்கி நாற்றமற்ற எருவாகும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 15 மீட்டருக்குக் குறையாத தூரம் விடுதல் நலம்.

சிறு கணக்கு

நம் உதாரண ஊரின் 80 குடும்பங்களில் குடும்பத்துக்கு ஐவர் வீதம் 400 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் 22,000 லிட்டர் வேண்டும். 15 லிட்டர்க் குடத்தால் இதனைச் சுமப்பதானால் 1,460க்கு மேற்பட்ட குடங்கள் ஆகும். ஒரு குடும்பத்தின் பங்கு 275 லிட்டர். அதாவது 275 கிலோ எடை. வீட்டில் எவரும் இவ்வளவு சுமக்க இயலாது. ஆகவே தொலைவிலிருந்து சுமக்கும் வீட்டில் தண்ணீர் எப்போதும் குறைவாகவே இருக்கும். கை கழுவுவதும் குளிப்பதும் சுருங்கும். குழாய் வந்தால் பெண்களின் தலைச்சுமை குறைவதோடு வீட்டின் சுத்தமும் கூடுவதன் காரணம் இதுவே.

தொட்டி நீரில் கிருமி நீக்கத் தரமான பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் வீதம் தேவை. 22,000 லிட்டருக்கு 55 கிராம். அதனைச் சிறிது நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே நீரை விட வேண்டும். பவுடரை ஈரம் படாமல் மூடி வைத்தல் அவசியம். காற்றுப்பட்டால் வீரியம் போய்விடும்.

பலன் யாது?

ஏறத்தாழ 100 கிராமங்களில் இத்திட்டத்தின் விளைவை எஸ்தர் டூஃப்லோவும் பிறரும் ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இவர் 2019ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர். வயிற்றுப்போக்குக்காகச் சிகிச்சை பெற்ற நிகழ்ச்சிகள் 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்தன என்றும், ஐந்தாண்டுகளுக்கு மேலும் அப்பலன் நீடித்தது என்றும் அவர்கள் கண்டனர்.

இத்துடன் பாடத்தை முடித்துக் கொள்ளலாம். ஆனால் உண்மை முழுவதும் சொல்லப்பட்டதாகாது. 2019ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, திட்டம் நிறைவேறிப் பல ஆண்டுகள் சென்ற கிராமங்களை அவற்றையொத்த பிற கிராமங்களோடு ஒப்பிட்டது. திட்டக் கிராமங்களின் குழந்தைகளிடம் குடற்புழு குறைவாக இருந்தது. வயதுக்கேற்ற உயரமும் சற்று மேம்பட்டிருந்தது. ஆனால் வயிற்றுப்போக்கில் வேறுபாடு காணப்படவில்லை. அவ்வாய்வு தரும் வேறு எண்களைக் கவனித்தால் நமக்குப் பாடம் கிடைக்கிறது. திட்டக் கிராமங்களில் நல்ல கழிப்பிடமுள்ள வீடுகள் 85 சதவீதம்; பெரியவர்களில் அதனைப் பயன்படுத்துவோர் 74 சதவீதம்; குழந்தைகளின் மலத்தை முறைப்படி அகற்றுவது 35 சதவீதம் அளவிலேயே. மற்றக் கிராமங்களின் நிலையோடு ஒப்பிட்டால் இவை மிக உயர்ந்த எண்களே. எனினும் நூற்றுக்கு நூறு என்று தொடங்கிய ஊர்கள், காலம் செல்லச் செல்ல நூறாக நிற்கவில்லை.

புதிய கடைசி வீடு

இது எதனால் நேரலாம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் அநுபவத்திலேயே காணலாம். மூத்த மகனுக்குத் திருமணமாகித் தனிக் குடித்தனம் போகிறான். பழைய வீட்டில் கழிப்பிடம் இருக்கிறது. புது வீட்டில் இல்லை. ஊரில் 80 குடும்பங்கள் இருந்தது 82 ஆகிறது, பிறகு 90 ஆகிறது. கடைசி வீடு என்பது ஒருமுறை சேர்த்து முடித்துவிடும் வீடன்று. ஆண்டுதோறும் புதிதாக ஒரு கடைசி வீடு எழுகிறது.

பொது நிதியின் நோக்கமே இவ்வீட்டைச் சேர்ப்பதுதான். ஆனால் ரூபாயின் மதிப்பு நின்ற இடத்தில் நிற்பதில்லை. 80 குடும்பங்கள் தலைக்கு 1,000 வீதம் செலுத்தினால் 80,000 ரூபாய். 7 சதவீத வட்டி என்று வைத்துக் கொண்டால் ஆண்டுக்கு 5,600 ரூபாய். 2014ஆம் ஆண்டில் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் ஒரு வீட்டுக் கழிப்பிடத்துக்கு வகுத்த உதவித்தொகையே 12,000 ரூபாய். இரண்டாண்டு வட்டி சேர்ந்தாலும் ஒரு வீட்டுக்குப் போதாது. ஆண்டுக்கு இரண்டு புதுக்குடும்பங்கள் தோன்றினால் 24,000 ரூபாய் வேண்டும். குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய் வீதம் தனியே சேர்த்தால் ஆண்டுக்கு 19,200 ரூபாய். வட்டியோடு 24,800 ரூபாய் ஆகிறது. அப்போதுதான் கணக்கு நேராகிறது.

முதலை அப்படியே வைத்து வட்டியை முழுவதும் செலவிடும் நிதி ஆண்டுக்காண்டு இளைத்துப் போகும் என்பதை நமது சங்கங்கள் கண்டறிந்துள்ளன. இலாபத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் சேமநிதிக்கு ஒதுக்கச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்துவது இதற்காகவே. குடிநீர் நிதிக்கும் அத்தகைய விதி தேவை.

நமது சங்கங்கள் செய்யத்தக்கவை

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் மத்திய அரசு ஜல் ஜீவன் இயக்கத்தை அறிவித்தது. கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் வழியே, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் குறிக்கோள். ஊருக்குள் அமையும் பணிகளின் செலவில் மலை, வனப் பகுதிகளிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பெரும்பான்மையாக உள்ள ஊர்களிலும் 5 சதவீதமும், பிற ஊர்களில் 10 சதவீதமும் மக்கள் பங்காக இருக்க வேண்டும் என்று அதன் வழிமுறைகள் வகுத்தன. பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அதனைத் தரலாம். அரசு குழாய் போடலாம். தொண்டர் தொட்டி கட்டலாம். வால்வு கசிந்தால் மறுநாளே சரி செய்யவும், புதிதாக எழுந்த வீட்டை இணைக்கவும், ஏரிக்கரைக்குச் செல்லும் சிறுவனைத் திருப்பி அழைக்கவும் ஊரார்தாம் வேண்டும்.

இவ்விடத்தில் நமது சங்கங்கள் உதவ முடியும். நம்மிடம் கணக்கு எழுதத் தெரிந்த செயலாளர் இருக்கிறார். கூட்டம் கூட்டவும், தீர்மானம் எழுதவும், தணிக்கைக்கு உட்படவும் பழகியிருக்கிறோம். ஊர்க் குடிநீர்க் குழு கேட்டால் இப்பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கலாம். ஆண்டுக்கொரு முறை அங்கத்தினர் இருவர் சென்று, ஊரில் எத்தனை குடும்பங்கள், எத்தனை குழாய்கள், விடுபட்டோர் யார் என்று எண்ணி வந்து பேரவையில் படிக்கலாம். இதற்குப் பணச் செலவு இல்லை. ஆனால் விடுபட்ட வீட்டாரின் பெயர் ஊரார் முன் ஒருமுறை படிக்கப்பட்டால், அதனை மறந்திருப்பது எளிதாக இராது. அவ்வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் தயங்காமல் எழுதுக.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. உங்கள் ஊரில் இன்று குடிநீர்க் குழாய் இல்லாத குடும்பங்கள் எத்தனை? கழிப்பிடம் இல்லாதவை எத்தனை? அவை பெரும்பாலும் எந்தத் தெருவில் உள்ளன?

2. எல்லாக் குடும்பங்களும் சேரும்வரை தண்ணீர் விடுவதில்லை என்ற விதி நியாயமானதா? இரு பக்கத்துக் காரணங்களையும் கூறி விவாதிக்கவும்.

3. உங்கள் ஊரின் மக்கள் தொகைக்கு ஆளுக்கு 55 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு வேண்டிய நீரையும், அதற்குத் தேவையான பிளீச்சிங் பவுடரையும் கணக்கிடுக.

4. சென்ற ஐந்தாண்டுகளில் உங்கள் ஊரில் தனிக்குடித்தனம் சென்ற குடும்பங்கள் எத்தனை? அவற்றுக்கெல்லாம் குழாயும் கழிப்பிடமும் அமைக்க ஆண்டுக்கு எவ்வளவு நிதி வேண்டும்? அதனை எவ்வாறு திரட்டலாம்?

5. குழாய் பழுதானால் உங்கள் ஊரில் யாரிடம் சொல்ல வேண்டும்? அவர் சரி செய்ய எத்தனை நாள் ஆகிறது? அந்நாட்களில் மக்கள் எந்த நீரைக் குடிக்கின்றனர்?

இவ்வினாக்களுள் முதலாவதற்கும் ஐந்தாவதற்கும் வீட்டிலிருந்தபடியே விடை எழுதலாகாது. ஊரைச் சுற்றி வந்து எழுத வேண்டும். செல்லும்போது கடைசித் தெருவிலிருந்து தொடங்குவது நலம்.